சிவப்புப் பூவுக்கு என்ன அர்த்தம்?

மாரித்தாயின் காலடியை நினைத்துக்கொண்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அறநெறி வகுப்புப் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று டீச்சர் கேட்டார். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன் நான். கத்தி பிடித்துப் பழகிய விரல், பேனா பிடித்தால் வலிக்கிறது. ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எழுதுவதற்கு முன்னால் என் மகள் தர்ஷினியிடம் கேட்டேன். இது அவளுடைய கதையும்தான். "எழுதுங்கப்பா. நான் ஒண்ணும் தப்பு செய்யலயே" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

பிள்ளைகளே, அன்றைக்குக் காலையில் எங்கள் வீட்டுக் கதவு சாத்த வரவில்லை.

அது ஐப்பசி மழை. நோட்டன் பிரிட்ஜுக்குப் போகும் வழியில், எங்கள் தோட்டத்தின் மேல் டிவிசனில், வரிசையாக வீடுகள் ஒட்டியிருக்கும் ஒரு பழைய லயத்தில் நாங்கள் இருந்தோம். லயத்தின் முதுகுக்குப் பின்னால் செங்குத்தான மலை. முன்னால் ஓடை. ஓடைக்கு ஒரு சிறு பாலம். பாலத்தைத் தாண்டி ஏறினால் பாறை மேட்டில் மாரியம்மன் கோவிலும் அதை ஒட்டிய மண்டபமும். எங்கள் வாசலில் நின்று பார்த்தாலே கோவில் படி தெரியும்.

மழை நாள்கணக்கில் விடவில்லை. காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு யாரும் போகவில்லை, வேலையும் இல்லை. கரண்ட் போய்விட்டது. போன்கள் எல்லாம் செத்துக் கிடந்தன. ராத்திரியெல்லாம் கேட்ட ஓடைச் சத்தம் விடிந்த பிறகு இன்னும் கூடியது.

கதவைத் தூக்கிச் சாத்தினேன். வரவில்லை. தோளால் இடித்தேன். மேல் மூலை நிலையில் மோதிக்கொண்டு நின்றது.

"மழையில மரம் ஊதியிருக்குங்க. சும்மா இடிக்காதீங்க, கொண்டி கழண்டுக்கிட்டு வந்துரும்" என்றாள் என் மனைவி பாக்கியம்.

இத்தனை வருஷ மழையில் ஊதாத மரம் இப்போது ஏன் ஊதுகிறது? வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். குசினிச் சுவருக்குப் பின்னால் மண்ணில் ஒரு கோடு. முதல் நாள் அது இல்லை. குனிந்து கையை விட்டுப் பார்த்தேன். என் கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. மலை ஊற்றிலிருந்து வடியும் பீலித் தண்ணீரைப் பார்த்தேன். எப்போதும் கண்ணாடி மாதிரி வரும் தண்ணீர் செம்மண் கரைசலாக வந்துகொண்டிருந்தது.

உடனே ஓடியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

அதற்கு முந்தின மழையில், மண்சரிவைப் பார்க்கிற அதிகாரிகள் வந்து எல்லாரும் வெளியேறச் சொன்னார்கள். லயமே மூட்டை கட்டிக்கொண்டு கீழே இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போனது. மலை அசையவே இல்லை. திரும்பி வந்து பார்த்தால் கோழிகளைக் காணோம், பூட்டுகள் உடைந்து கிடந்தன. பக்கத்து டிவிசன்காரர்கள் எங்களைக் கண்டால், "என்னாப்பா, மலை வந்துச்சா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு யாராவது 'போவோம்' என்று சொன்னாலே எல்லாருக்கும் கோபம் வரும்.

இந்த முறை பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாதையும் இல்லை. கீழே வளைவில் ரோடு இடிந்து விழுந்திருந்தது. மிச்சம் இருந்த ஒரே இடம் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கோவில் மண்டபம்தான்.

அங்கேதான் நான் போக முடியாது.

ஏனென்றால் அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் தர்ஷினி பெரிய பிள்ளையாகியிருந்தாள். வீட்டு மூலையில் சேலையைக் கட்டி மறைத்து, அதற்குள் அவளை உட்கார வைத்திருந்தோம். பக்கத்தில் காவலுக்கு வேப்பிலையும் இரும்புக்கு என்னுடைய கவ்வாத்துக் கத்தியும். கொழும்பிலிருந்து தாய்மாமன் சீர் கொண்டு வந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் தீட்டுக் கழியும். ரோடு இல்லாமல் மாமன் எங்கே வருவது? தீட்டு வீட்டுக்காரர் யாரும் கோவிலுக்குள் கால் வைக்கக் கூடாது. அந்தப் பிள்ளை கோவில் எல்லையிலேயே வைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் கோவில் விளக்கைத் துடைத்து ஏற்றுகிறவன் நான். எனக்கே அது தெரியாதா?

எனக்குத் தெரிந்ததுதான் எனக்குப் பயம். நான் சின்னவனாக இருந்தபோது லயத்தில் வீட்டுக்கு வீடு அம்மை போட்டது. யாரோ தீட்டோடு கோவிலுக்குள் போனதால் ஆத்தா சீறிவிட்டாள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு என் நெஞ்சில் அப்படியே தங்கிவிட்டது. மகளைக் கூட்டிக்கொண்டு போனால் ஆத்தா கோபம். போகாவிட்டால் தலைக்கு மேல் மலை. வீட்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் நடந்தேன். நடக்கும்போதே தரை என் காலுக்குக் கீழே லேசாகச் சாய்ந்திருப்பது போல இருந்தது. உண்மையா, பயமா என்று தெரியவில்லை.

சேலைக்குப் பின்னாலிருந்து தர்ஷினி கேட்டாள். "அப்பா, ஏன் நடந்துக்கிட்டே இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல சாமி. நீ இரு."

பொய் சொன்னேன். பெற்ற பிள்ளையைக் காப்பாற்றத் தெரியாமல் நிற்கிற தகப்பனுக்கு வேறு என்ன வரும்?

கடைசியில் பாலத்து முனைக்கு ஓடினேன். அங்கே நின்று, கோவில் பூசாரி முத்தையா அண்ணனைக் கூப்பிட்டேன். என்னைவிட மூத்தவர், நல்ல மனுசன். அவர் குடையோடு இறங்கி வந்து, தீட்டுக்காக என்னைத் தொடாத தூரத்தில், பாலத்தின் அந்த முனையில் நின்றார்.

"அண்ணே, லயத்துக்குப் பின்னால மண்ணு பொளந்துருக்கு. நாங்க மண்டபத்துக்கு வரணும்."

"வாங்கப்பா. மண்டபம் எதுக்கு இருக்கு? சாவி எங்கிட்டதான்."

"புள்ளையும் வரணும் அண்ணே."

அவர் முகம் மாறிவிட்டது. குடையைச் சரித்துக் கோவிலைத் திரும்பிப் பார்த்தார். "மாரிமுத்து, ஒனக்குத் தெரியாததா? எம்மேல பழிய போடாத."

"நீங்களும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம். ஆத்தாகிட்டயே பூ கேட்டுப் பாருங்க. நான் இங்கயே நிக்கிறேன்."

பூக் கேட்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று. இரண்டையும் தனித்தனியாக இலையில் பொதிந்து அம்மன் முன்னால் வைத்துக் கும்பிடுவார்கள். ஒன்றும் தெரியாத சின்னப் பிள்ளையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். ஒரு நிறம் சம்மதம், ஒரு நிறம் சம்மதமில்லை. முத்தையா அண்ணன் தலையை ஆட்டிவிட்டு மேலே ஏறிப் போனார். பொட்டலத்தை எடுக்க அவருடைய பேத்தி இருந்தாள்.

பிள்ளைகளே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. தெரிந்த விஷயம்தானே என்று இரண்டு பேரும் இருந்துவிட்டோம்.

அவர் போன பிறகு நான் மழையில் நின்றேன். ஓடை கலங்கி, மரக்கிளைகளைப் புரட்டிக்கொண்டு போனது. பாலத்துக்கு அடியில் ஏதோ மோதும் போதெல்லாம் என் நெஞ்சில் மோதியது. கோவிலைப் பார்த்துக் கையெடுத்தேன். மந்திரம் ஒன்றும் வாயில் வரவில்லை. "தாயே, எனக்கு ஒண்ணும் புரியல. எது சரின்னு தெரியல. எனக்காக நீ சொல்லு. நீ சொன்னா நான் பயப்படாம செய்வேன்" என்று மட்டும் சொன்னேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். அழுதேன். மழையில் யாருக்குத் தெரியும்?

முத்தையா அண்ணன் கோவில் படியில் வந்து நின்றார். ஏதோ கத்தினார். ஓடைச் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. காதில் கை வைத்துக் காட்டினேன். உடனே அவர் ஒரு கையை உயர்த்தினார். அந்தக் கையில் செவ்வரளி. அவ்வளவு மங்கலான மழைக்குள் அந்தச் சிவப்பு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. மற்றக் கையைப் பலமாக ஆட்டினார்.

என் அம்மா இருந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டில் சிவப்புதான் சம்மதம். "செவப்பு ஆத்தா கட்டுற சேல. செவப்பு வந்தா ஆத்தாளே வந்த மாதிரி" என்று அம்மா சொல்லும். அவர் கை ஆட்டியதும் எனக்கு 'வா வா' என்றுதான் தெரிந்தது. அந்த நிமிஷம் என் பயம் போன இடம் தெரியவில்லை. திரும்பி ஓடினேன்.

"பாக்கியம், கெளம்பு. ஆத்தா வரச் சொல்லிட்டா."

பாக்கியம் மறைப்புக்குக் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து மகள் தலையோடு போர்த்தினாள். அதன் மேல் மழைக்குப் போர்த்தும் படங்கைப் போட்டாள். ஒரு கையில் வேப்பிலை, மறு கையில் என் கவ்வாத்துக் கத்தியோடு தர்ஷினி வாசலில் வந்து நின்றாள்.

அடுத்த வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் ராக்கம்மா அக்கா உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் எழுந்துவிட்டது.

"அடேய் மாரிமுத்து! கிறுக்கு புடிச்சிருச்சாடா ஒனக்கு? சமஞ்ச புள்ளய பட்டப்பகல்ல, தண்ணி ஊத்தாம... ஏய் பாக்கியம், ஒனக்குமா புத்தி கெட்டுப்போச்சு?"

அந்தச் சத்தத்தில் வரிசையாக எல்லா வீட்டிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. யாரோ ஒருவர், "இன்னொரு தடவ மலை வருதாம்டோய்" என்றார். சிலர் சிரித்தார்கள். சிவப்புப் பூவைப் பற்றிச் சொல்லவே வாய் வரவில்லை.

தர்ஷினிதான் பேசினாள். படங்குக்குள்ளிருந்து, மெதுவாக.

"பெரியம்மா, எங்க வீட்டுக் கதவு சாத்த வரல. ஒங்க கதவு சாத்துதா?"

ராக்கம்மா அக்கா ஒரு நிமிஷம் முறைத்தது. பிறகு, "ஏன் சாத்தாம, நல்லாத்தான் சாத்தும்" என்று சொல்லிக்கொண்டே போய்த் தன் கதவைத் தள்ளியது. கதவு பாதியில் நின்றது. இன்னொரு முறை தள்ளியது. காலால் உதைத்தது. அதற்கு அடுத்த வீட்டிலும் கதவு இடிக்கும் சத்தம் கேட்டது. அதற்கு அடுத்ததிலும். சிரிப்பு நின்றுவிட்டது. லயம் முழுக்கக் கதவு இடிக்கிற சத்தம். இப்போதும் அது சில நேரம் என் காதில் கேட்கும்.

வெற்றிலையைத் துப்பிவிட்டு ராக்கம்மா அக்கா சொன்னது. "சமஞ்ச புள்ளையே வெளிய வந்துருச்சு. இனிமே நாம உள்ள இருந்து எதக் காவக் காக்குறது? ஏலே, கெளம்புங்கடா!"

நான் அழைத்திருந்தால் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். அது எனக்கு நிச்சயம். வெளியே வரக் கூடாத பிள்ளை வெளியே வந்ததைப் பார்த்துத்தான் இது விளையாட்டில்லை என்று அவர்களுக்குப் புரிந்தது. கைப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, நடக்க முடியாதவர்களை முதுகில் சுமந்துகொண்டு, எல்லாரும் பாலத்தைத் தாண்டினோம். தண்ணீர் பாலத்தின் பலகையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. தர்ஷினி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தாள்.

மண்டப வாசலில் முத்தையா அண்ணன் இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றார்.

"மாரிமுத்து! நான்தான் செவப்பக் காட்டுனேனே!"

"செவப்பப் பாத்துட்டுத்தான் அண்ணே வந்தோம்."

"செவப்புன்னா வேணாம்டா! செவப்பு ஆத்தாளோட கோவம். வெள்ளதான் சம்மதம். வராத வராதன்னு கையாட்டுனேனே!"

"எங்க வீட்டுல செவப்புதான் அண்ணே சம்மதம்!"

இதுவரை நான் ஓடி வந்த தைரியம் எல்லாம் ஒரு தவறின் மேல் நின்றது என்று தெரிந்தது. இப்போது என்ன செய்வது? பிள்ளையை அந்தச் சாய்ந்த வீட்டுக்கே திரும்பக் கூட்டிப் போவதா? எல்லையில் தனியாக மழையில் நிறுத்துவதா? பிள்ளைகளே, என் வாழ்க்கையில் நான் அதிகமாகப் பயந்தது அப்போதுதான். ஆத்தா எனக்குப் பதில் சொல்லவே இல்லை என்று நினைத்தேன்.

முத்தையா அண்ணன் கெட்டவர் இல்லை. "நான் என்ன செய்ய தம்பி? ஆத்தா முடியாதுன்னு சொல்லிட்டா. நாளைக்கு லயத்துல ஒரு புள்ளைக்கு ஒண்ணுன்னா என்னயத்தான் கேப்பாங்க" என்றார்.

நான் மகளைப் பார்த்தேன். கத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உதடு நீலமாகி நின்றாள். அப்போது என் வாயிலிருந்து ஒரு பேச்சு வந்தது. யோசித்துப் பேசவில்லை.

"அண்ணே, ஆத்தா கோவமாவே இருக்கட்டும். கோவிச்சாலும் அவ அம்மாதானே? அம்மா கோவிச்சுக்கிட்டா புள்ள அம்மாகிட்டதானே போகும்? வேற எங்க போகும்? நான் திரும்பிப் போக மாட்டேன். பழி வந்தா எனக்கு வரட்டும்."

சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்து ஒரு படி ஏறினேன். இந்த முறை பூவும் இல்லை, சைகையும் இல்லை. பயம் இருந்தது. ஆனால் கால் பின்வாங்கவில்லை.

முத்தையா அண்ணன் விரித்த கையைக் கீழே போட்டார். அவர் நகர்ந்தாரா, நான் தள்ளினேனா என்று இன்றும் தெரியாது. தர்ஷினி மண்டபத்துக்குள் கால் வைத்தாள். அவளுக்குப் பின்னால் எல்லாரும் வந்தார்கள். கடைசியாக ராக்கம்மா அக்கா, ஒரு சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

ஈரத்தைப் பிழிந்துகொண்டிருந்தபோது அந்தச் சத்தம் வந்தது. இடி என்று நினைத்தோம். இடி நின்றுவிடும், இது நிற்கவில்லை. வாசலுக்கு ஓடி வந்து பார்த்தால், எதிரே தேயிலை மலை நின்ற நிலையிலேயே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. செடிகளும் சவுக்கு மரங்களும் நிமிர்ந்தபடியே இறங்கின. எங்கள் லயம் ஒரு பக்கமாக மடங்கியது. தகரம் கிழிகிற சத்தம் கேட்டது. பிறகு லயம் இருந்த இடத்தில் செம்மண் இருந்தது. ஓடையை அடைத்து, பாலத்தையும் கொண்டுபோய்விட்டது.

அவரவர் பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஆடுகள் போயின, சட்டி பானை போயின, பிறந்த நாளிலிருந்து சேர்த்த எல்லாம் போயின. உயிர் ஒன்றும் போகவில்லை.

முத்தையா அண்ணன் மெதுவாகத் தர்ஷினியிடம் வந்தார். தோளில் கிடந்த காய்ந்த துண்டை எடுத்து அவள் தலையில் போட்டார். தீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. "சாமி, தல துவட்டிக்கம்மா. சளி புடிச்சுக்கும்" என்றார். அவர் கண்ணில் தண்ணீர். நான் அந்த இடத்திலேயே தரையில் விழுந்து கும்பிட்டேன்.

அன்றிலிருந்து என்ன மாறியது? தகரக் கொட்டிலில் வெகுகாலம் இருந்தோம். கஷ்டம்தான். ரோடு சரியானதும் தாய்மாமன் வந்தார், தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். யாருக்கும் அம்மை வரவில்லை. கோவில் மண்டபத்துச் சாவி இப்போது பூசாரி வீட்டில் இல்லை. மண்டபக் கதவு நிலையிலேயே ஆணியில் தொங்குகிறது. மழை பலத்தால் யாரும், எந்த நிலையிலும், கேட்காமல் திறக்கலாம். அந்த ஆணியை அடித்தவர் முத்தையா அண்ணன்தான். பூக் கேட்கிறதுக்கு முன்னால், எந்தப் பூ எதற்கு என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும் என்றும் வைத்துவிட்டார். அதைச் சொல்லும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

எங்கள் வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. "ஆத்தா வேணாம்னுதான் சொன்னா, அப்புறம் எரக்கப்பட்டுட்டா" என்பார் அவர். "ஆத்தா வான்னுதான் சொன்னா, ஒங்களுக்குத்தான் வெளங்கல" என்பேன் நான். வெள்ளிக்கிழமை விளக்குத் துடைக்கும்போதெல்லாம் இதே பேச்சுதான்.

ஆனால் மனதுக்குள் ஒன்றை வைத்திருக்கிறேன். அதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். எனக்காக நீ சொல்லு, நான் பயப்படாமல் செய்கிறேன் என்று ஓடைக்கரையில் வேண்டினேன் அல்லவா? படி ஏறும்போது என் வாயில் வந்த பேச்சு என்னுடையதில்லை. அவள் எனக்குத் தந்த பதில் பூவில் இல்லை, அந்தப் பேச்சில்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

உங்களுக்கும் ஒரு நாள் வரும். இந்தப் பக்கமும் பயம், அந்தப் பக்கமும் பயம் என்று நிற்பீர்கள். அப்போது கும்பிடுங்கள், கேளுங்கள். பதில் புரியாவிட்டால், எந்தப் பக்கம் போனால் ஒரு உயிர் பிழைக்குமோ அந்தப் பக்கம் காலை எடுத்து வையுங்கள். தாய் கோபித்துக்கொள்வாளோ என்று பயப்படாதீர்கள். அவள் வாசலில் சாவி தொங்குகிறது.